டபராவில் தொடங்கும் ஓவிய வகுப்பு: புதிதாகச் சேருகிறவர்களுக்கு

எங்கள் ஓவிய வகுப்பில் முதல் நாள் எல்லோருக்கும் ஒரே வேலைதான். மேசைமேல் ஒரு பித்தளை டபரா, அதற்குள் டம்ளர். “வரைங்க” என்று சொல்லிவிட்டு சார் ஜன்னல் பக்கம் போய்விடுவார். அரை மணி நேரம் கழித்துத் தாளை வாங்கி, பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதச் சொல்லி, பீரோவுக்குள் வைத்துவிடுவார். திருத்தமும் கிடையாது, பாராட்டும் கிடையாது. அந்தத் தாள் மறுபடி வெளியே வர ஒரு வருடம் ஆகும்.

கும்பகோணத்தில் ஞாயிறு காலையில் நடக்கும் வகுப்பு இது. ஒன்பது வயது மகளைச் சேர்க்கப் போன நான், இரண்டு மணி நேரம் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அவளோடு சேர்ந்துகொண்டேன். அப்போது எனக்கு 41 வயது. இப்போது ஆறு வருடம் ஆகிறது. புதிதாக வருகிறவர்களுக்குப் பென்சில் பிடிக்கக் காட்டிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பெற்றோர் ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெரியவர்கள் சேர்வதாக இருந்தாலும் வழி இதேதான். பெரியவர்களுக்குக் கூச்சம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சேருவதற்கு முன்னால்

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மாணவர் தாளில் ஆசிரியரின் பென்சில் எவ்வளவு நேரம் ஓடுகிறது?

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இங்கே வருவதற்கு முன் மகள் வேறொரு இடத்தில் ஒன்றரை வருடம் படித்தாள். மாதம் ஒரு படம் வீட்டுக்கு வரும். மயில், பிள்ளையார், பாய்மரக் கப்பல் என்று எல்லாமே அழகாக இருக்கும். போட்டிகளில் சான்றிதழும் வாங்கினாள். ஒருநாள் அடுப்படியில் பூனை படுத்திருந்தது. “இதை வரையேன்” என்றேன். பென்சிலை வைத்துக்கொண்டு முழித்தாள். மெதுவாக விசாரித்தபோதுதான் தெரிந்தது: அவுட்லைன் மாஸ்டர் போடுவார், உள்ளே வண்ணம் இவள் தீட்டுவாள், கடைசியில் கறுப்புக் கோடு மறுபடி மாஸ்டர். அந்த மயிலின் கழுத்து வளைவில் இவள் பங்கு ஒன்றுமே இல்லை.

நல்ல ஆசிரியர் தாளின் ஓரத்தில் வரைந்து காட்டுவார், அல்லது தன் தாளில் காட்டுவார். உங்கள் கோட்டின்மேல் அவர் கோடு ஏறாது. சுவரில் மாட்டியிருக்கும் படங்களையும் பாருங்கள். முப்பது படமும் ஒரே அச்சாக இருந்தால் அங்கே நடப்பது காப்பி அடிக்கும் வேலை. அறைக்குள் வரைவதற்குப் பொருட்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்: பானை, செருப்பு, குடை, வாழைப்பூ, எதுவானாலும் சரி. பொருளே இல்லாமல் அச்சடித்த படங்களை மட்டும் வைத்து நடத்தும் வகுப்பில் கை தேறலாம், கண் தேறாது.

என்ன வாங்குவது

கொஞ்சமாக வாங்குங்கள். பென்சிலில் எச்பி, 2பி, 4பி, 6பி என நான்கு போதும். எச் என்றால் கடினம், பி என்றால் கறுப்பு. பி-க்கு முன்னால் எண் கூடக்கூட ஈயம் மென்மையாகவும் கறுப்பாகவும் இருக்கும். சாதாரண ரப்பர் ஒன்று, பிசைந்தால் உருமாறும் நீடபிள் ரப்பர் ஒன்று. ஷார்ப்பனரை விட பிளேடால் சீவி ஈயத்தை நீளமாக விடுவது நல்லது, அப்போதுதான் பென்சிலைச் சாய்த்து அகலமாகத் தேய்க்க முடியும். குழந்தைகளுக்கு இதை நீங்களே சீவிக் கொடுத்துவிடுங்கள்.

தாள் ஏ3 அளவு. ஏ4 தாளில் கை மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது; பெரிய தாளில்தான் தோளிலிருந்து கை வரும். பயிற்சிக்கு ஒருபக்கம் அச்சான பழைய தாளின் பின்பக்கமே தாராளம். விலை கூடிய தாளை எடுத்தால் பயம் வந்துவிடும். தாளைச் செருக ஒரு பலகை, இரண்டு கிளிப்.

வண்ணம் மூன்று மாதத்துக்கு வேண்டாம். சேர்ந்த செய்தி கேட்டவுடன் மாமாவோ சித்தியோ 48 வண்ணப் பெட்டி வாங்கி வருவார்கள். நன்றி சொல்லி வாங்கிப் பரணில் வைத்துவிடுங்கள்.

முதல் மாதம் வெறும் கோடு

நேர்கோடு, வட்டம், நீள்வட்டம். தாள் நிறைய, வாரம் முழுக்க. ரொம்பச் சலிப்பாக இருக்கும், அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை. ஆரம்பத்தில் எல்லோரும் கோட்டைத் துண்டு துண்டாக, கோழி கிளறியதுபோல இழுப்போம். அதை விடுவதற்கு ஒரு வழி உண்டு. புள்ளி ஒன்று வையுங்கள், சற்றுத் தள்ளி இன்னொன்று. பென்சில் தாளில் படாமல் கையை மட்டும் இரண்டு மூன்று முறை அந்தப் பாதையில் ஓட்டுங்கள். பிறகு பென்சிலைத் தாளில் வைத்து ஒரே வீச்சில் இழுங்கள். கண் பென்சில் முனையைப் பார்க்க வேண்டாம், போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார்க்கட்டும்.

எங்கள் வகுப்பில் நான் கவனித்த ஒன்று: தினமும் கோலம் போடுகிற பெண்களுக்கு இந்த மாதம் பாதியிலேயே முடிந்துவிடும். சிக்குக் கோலத்தில் கை எடுக்காமல் புள்ளியைச் சுற்றி வளைத்து வளைத்து அவர்களுக்குத் தோள் ஏற்கெனவே பழகியிருக்கிறது. “எனக்கு டிராயிங் சுத்தமா வராதுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்த ஒரு அம்மா, முதல் வாரத்திலேயே எங்களில் யாரையும் விட நல்ல வட்டம் போட்டார்.

ஒரு கோட்டால் என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டுமானால் ஓவியர் ஆதிமூலம் 1969-இல், காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்தி கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். அதைப் போல வரைய முயல வேண்டாம். எங்கே கோடு தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எங்கே காணாமல் போகிறது என்று மட்டும் பாருங்கள்.

மீண்டும் டபரா

இரண்டாவது மாதம் டபரா திரும்பி வரும். இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறோம். மாட்டிக்கொள்ளும் இடமும் எல்லோருக்கும் ஒன்றேதான்: டம்ளரின் வாயை முழு வட்டமாக வரைகிறோம், டபராவின் அடியை ஸ்கேல் வைத்ததுபோல நேர்கோடாக வரைகிறோம். வாய் வட்டம் என்பது நமக்குத் தெரியும். அடி மேசைமேல் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியும். ஆக, கண்ணுக்கு எதிரே இருப்பதை விட்டுவிட்டுத் தெரிந்ததை வரைகிறோம்.

ஒரு டம்ளரை எடுத்துக் கண் மட்டத்துக்கு நேராகப் பிடியுங்கள். வாய் வெறும் கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள். கோடு பிளந்து ஒல்லியான நீள்வட்டமாகும். இன்னும் இறக்க இறக்க நீள்வட்டம் பருத்துக்கொண்டே போகும். காலடியில் வைத்து மேலிருந்து குனிந்து பார்த்தால் முழு வட்டம். விதி இவ்வளவுதான். கண் மட்டத்துக்கு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு உருண்டை. அப்படியானால் மேசைமேல் இருக்கும் டம்ளரின் வாய்தான் உயரத்தில் இருக்கிறது, அது ஒல்லி. டபராவின் வாய் அதற்குக் கீழே, கொஞ்சம் பருமன். டபராவின் அடி எல்லாவற்றுக்கும் கீழே, அதன் வளைவுதான் மிக அதிகம். நேர்கோடாக நாம் வரைந்தோமே, அந்த அடி!

வரையும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. டபராவும் டம்ளரும் அதைச் சுற்றித்தான் நிற்க வேண்டும். அப்புறம் அளவு. கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலைப் பொருளுக்கு நேராகப் பிடித்து, நுனியிலிருந்து கட்டைவிரல் வரை டம்ளர் வாயின் அகலத்தை எடுங்கள். அதே அளவை டபராவின் அகலத்தில் வைத்துப் பார்த்தால் எத்தனை முறை போகிறது? மொத்த உயரத்தில் எத்தனை முறை? முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும், ஜாக்கிரதை. அளவுகளைத் தாளில் சிறு குறிகளாக வைத்துவிட்டு நீள்வட்டங்களைப் போடுங்கள். பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் முழுதாகவே போடுங்கள், பிறகு அழிக்கலாம். நீள்வட்டத்தின் இரண்டு ஓரமும் வாழைக்காய் நுனிபோலக் கூராகக் கூடாது, அங்கேயும் வளைவுதான். கடைசியில்தான் பக்கவாட்டுக் கோடுகளும் விளிம்பும்.

சுவாமிமலை இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே சிலை வடிக்கும் ஸ்தபதிகள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அங்க அளவுகளைக் குறித்துக்கொள்வார்கள். எத்தனை அங்குலம் என்பது அங்கே பேச்சில்லை. ஒன்றோடு ஒன்று எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. நம் பென்சிலும் கட்டைவிரலும் செய்வது அதே வேலைதான்.

முடித்ததும் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், அல்லது கண்ணாடியில் காட்டுங்கள். சாய்ந்திருப்பது உடனே தெரிந்துவிடும். என் மகள் ஆறு தாள் வரைந்து எல்லாவற்றையும் “நல்லாத்தான் இருக்கு” என்றாள். ஏழாவது தாளைத் தலைகீழாகத் திருப்பிவிட்டு, “அப்பா, டம்ளர் குடிச்சுட்டு நிக்குது” என்று சிரித்தாள். சார் அன்றைக்கு அவளிடம் புதிதாக எதையும் சொல்லவில்லை. முந்தைய ஆறு தாள்களையும் எடுத்து அவளே திருப்பிப் பார்த்தாள். ஆறும் சாய்ந்திருந்தன, ஒரே பக்கமாக. வலது கைக்காரர்கள் பலகையைச் செங்குத்தாக நிமிர்த்தாமல் மடியில் கோணலாக வைத்து வரைந்தால் இப்படி ஆகும். பலகையை நிமிர்த்தியதும் பாதி சரியாகிவிட்டது.

நிழல்

ஷேடிங்குக்குப் பித்தளையிலிருந்து தொடங்க வேண்டாம். பளபளப்பில் அறையே தெரியும், குழம்பிப் போவீர்கள். மண் அகல், மண் குவளை, முட்டை மாதிரி மினுங்காத பொருள் எடுங்கள். டியூப் லைட்டை அணைத்து, ஒரே ஒரு ஜன்னலின் வெளிச்சம் மட்டும் விழட்டும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் விவரங்கள் மங்கி, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என மூன்று பகுதிகளாகத் தெரியும். முதலில் அந்த மூன்றை மட்டும் போடுங்கள். இருட்டுப் பக்கத்தின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சம் ஒன்று தெரியும், மேசையிலிருந்து திரும்பி வருவது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பொருள் உருண்டையாகத் தெரியத் தொடங்கிவிடும். ஆனால் அந்த ஓர வெளிச்சத்தை வெளிச்சப் பக்கத்தின் அளவுக்கு வெள்ளையாக விட்டுவிடக் கூடாது. எல்லோரும் செய்கிற தப்பு அது.

விரலால் தேய்த்து மழுப்பாதீர்கள். தோலின் எண்ணெய்ப் பசை தாளில் ஏறிக் கறையாக நிற்கும், படமும் புகை பிடித்ததுபோல ஆகிவிடும். மகள் மண் அகலில் ஒன்றரை மாதம் இருந்தாள். அதன்பிறகு பித்தளைக்குப் போனபோது அவளே சொன்னாள்: “பளபளப்புன்னா வெள்ளை இல்லப்பா, வெள்ளைக்குப் பக்கத்துலயே கறுப்பு.” அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான்காவது, ஐந்தாவது மாதம்

இந்தக் காலத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். படம் மோசமாகிறது என்று தோன்றும். உண்மையில் கண் தேறிவிட்டது, கை இன்னும் பின்னால் வருகிறது. முன்பு தெரியாத தப்பெல்லாம் இப்போது தெரிகிறது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு இது ரொம்பவே கஷ்டம். சின்ன வயதில் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை என்று சந்தோஷமாக வரைந்துகொண்டிருந்த பிள்ளை, திடீரென்று “எனக்கு வரைய வராது” என்று சொல்வது இந்த வயதில்தான்.

அப்போது வகுப்பை மாற்றாதீர்கள், புது வண்ணப் பெட்டியும் வாங்கித் தராதீர்கள். வேலையைச் சின்னதாக்குங்கள். தினமும் பதினைந்து நிமிடம், உள்ளங்கை அளவுத் தாள், ஒரே ஒரு பொருள்: சாவி, பூண்டுப் பல், ஒற்றைச் செருப்பு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தை விட இந்தப் பதினைந்து நிமிடங்கள்தான் கையை இழுத்துக்கொண்டு வருகின்றன. இரண்டாம் மாதத் தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வாயால் சொல்லும் ஆறுதல் இந்த வயதில் எடுபடாது, தேதி போட்ட தாள் எடுபடும்.

வண்ணம்

வாட்டர் கலருக்கு வரும்போது தாளை மாற்றியே ஆக வேண்டும். டிராயிங் நோட்டுத் தாளில் தண்ணீர் பட்டால் அப்பளம்போல நெளியும். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) தாள் எடுத்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டுப் பலகையில் ஒட்டிவிடுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீர்: ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று சுத்தமாக. வெளிரிலிருந்து அடர்த்திக்குப் போக வேண்டும். வெள்ளை வேண்டிய இடத்தில் தாளையே விட்டுவிட வேண்டும். காய்ந்தபின் வண்ணம் வெளிறிவிடும், அதனால் ஈரமாக இருக்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே தெரியட்டும். சித்திரை வெயிலில் தீட்டும்போது வண்ணம் நாம் நினைப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். ஃபேனை நிறுத்திவிட்டு, தாளை முன்னதாகவே நனைத்துக்கொண்டு தொடங்குங்கள். வியர்வையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எட்டு டியூப் போதும். டியூபில் வரும் பச்சையை அப்படியே பூசினால் வாழை இலை பிளாஸ்டிக் பூபோல இருக்கும். மஞ்சளும் அல்ட்ராமரின் நீலமும் கலந்து, துளி சிவப்பு தொட்டுப் பாருங்கள், தோப்பு வரும். கறுப்புக்குப் பதிலாக அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் ஆழமான இருட்டுக் கிடைக்கும். நிழல்களுக்கு அதுதான் உயிர்.

இன்னொன்று. பெட்டியில் ‘ஸ்கின் கலர்’ என்று ஒரு இளஞ்சிவப்பு இருக்கும். எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தங்கள் அம்மாவுக்கு அதைத்தான் பூசுகிறார்கள். சார் அந்தக் குச்சியை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, “உன் கையைத் தாள்மேல வச்சுப் பாரு, அந்தக் கலரைக் கலக்கு” என்பார். யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சள், பர்ன்ட் சியன்னா, கொஞ்சம் நீலம். ஒரு வகுப்பு முழுக்க இதிலேயே போய்விடும். போகட்டும்.

வெளியே போவது

எட்டாவது மாதத்துக்கு மேல் நாங்கள் தாராசுரம் போவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். தேர்போல அமைந்த மண்டபத்தில் கல் சக்கரம் இருக்கிறது. அதைச் சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் டபராவின் வாய்தான், நிமிர்ந்து நிற்கிறது. நீள்வட்டம் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

அப்புறம் அந்த யானை-காளைச் சிற்பம். இரண்டுக்கும் ஒரே தலை. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. யானை என்று நினைத்துக்கொண்டு வரையத் தொடங்கினால் பாதியில் காளை வந்து குழப்பும். இது கொம்பு, இது தும்பிக்கை என்று பெயர் சொல்லாமல், வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் பார்த்து வரைந்தால்தான் வரும். கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களை நேரில் பார்த்து வரைந்த ஓவியர் சில்பியின் கோட்டுச் சித்திரங்களைப் போவதற்கு முதல் நாள் பார்த்துவிட்டுப் போனால், கல்லில் எதைப் பார்ப்பது என்று தெரியும்.

காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கல் சுடும், நிழலும் நகர்ந்துவிடும். தொப்பி, தண்ணீர், உட்கார ஒரு சாக்கு. சுற்றுலா வருகிறவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள், “என்னைய வரைங்க” என்பார்கள். பழகிவிடும்.

தேர்வு, கல்லூரி பற்றிக் கேட்பவர்களுக்கு

தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலைகள் உண்டு. ஓவிய ஆசிரியராக நினைப்பவர்களுக்கு அவை உதவும். கல்லூரிப் படிப்பு என்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நுண்கலை இளங்கலைப் பட்டத்துக்குச் சேரலாம். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் முதல் வருடத்தில் இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பது என் கட்சி.

தாள்களை வைத்துக்கொள்வது

ஒரு வருடம் முடிந்ததும் சார் அதே டபராவை வைத்து மறுபடி வரையச் சொல்வார். அதன்பிறகு பீரோ திறக்கும். மகளின் முதல் தாளில் டம்ளருக்கு முழு நிலா மாதிரி ஒரு வாய், டபராவுக்கு நேர்கோட்டு அடி. என்னுடையதிலும் அச்சு அசலாக அதேதான், 41 வயதில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “நீயும் இப்படியா?” என்றாள்.

எல்லாத் தாளையும் வைத்திருங்கள், தேதியோடு. சுருட்டி வைத்தால் விரிப்பதற்குள் மடிப்பு விழும். அட்டைப் பெட்டியில் தட்டையாக அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். பென்சில் படங்களுக்கு இடையே ஒரு வெற்றுத் தாள் வையுங்கள், இல்லையென்றால் ஒன்றின் கறுப்பு இன்னொன்றில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து, வெயில் நேராகப் படாத இடத்தில் காற்றாட விடுங்கள். வேப்பிலை போட்டால் ராமபாணப் பூச்சி அண்டாது என்பார்கள், எனக்கு அண்டியது. அந்துருண்டையைத் துணியில் முடிந்து மூலையில் வைத்த பிறகு இரண்டு வருடமாகத் தொந்தரவு இல்லை.